உன் அம்மாவுக்காகத் தேடிய கடற்கரை

அன்பு மகனுக்கு,

நீ கேட்டது ஓர் ஊரின் பெயரை மட்டுமே. "அப்பா, போன வருசம் நீங்களும் அம்மாவும் போன இத்தாலி ஊர் என்ன? துளசிக்கும் எனக்கும் ஹனிமூனுக்குச் சனமில்லாத கடற்கரை ஒண்டு வேணும். பெயரை மட்டும் அனுப்புங்கோ" என்று கைத்தொலைபேசியில் எழுதியிருந்தாய். ஒரு சொல்லில் பதில் அனுப்பியிருக்கலாம். சிறிய கேள்விக்கு நீண்ட பதில் எழுதுவது என் சட்டத்தரணித் தொழில் தந்த பழக்கம் என்று நீ நினைப்பாய். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் இம்முறை காரணம் வேறு. அந்த ஊரை நான் ஏன் தேர்ந்தேன் என்பதைச் சொல்லாமல் பெயரை மட்டும் தருவது, நான்கு எல்லையும் காட்டாமல் காணி உறுதி எழுதுவதற்கு ஒப்பாகும். அந்தக் காரணத்தை உனக்குச் சொல்லக்கூடாதென்று எனக்கு ஒரு தடையும் இருந்தது. தடை விதித்தவர் உன் அம்மா. சென்ற ஞாயிற்றுக்கிழமை அவரே அதை நீக்கிவிட்டார். இக்கடிதத்தை அவர் படித்து, இரண்டு இடங்களில் வெட்டி, ஓரிடத்தில் "இது பொய்" என்று குறித்து, நான் திருத்திய பின்னரே இது உன்னிடம் வருகிறது. வேறு வீடுகளிலும் இதே நிலை இருக்கக்கூடும், ஆகையால் பிறர் படிப்பதிலும் தமக்கு ஆட்சேபம் இல்லையென்று சொல்லியிருக்கிறார்.

விடயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளாக உன் அம்மாவால் கூட்டத்தில் நிற்க முடியாமல் இருந்தது. அது எப்போது தொடங்கியது என்று எனக்குத் தெரியும். ஏன் தொடங்கியது என்று சொல்ல எனக்குச் சான்று இல்லை. நம் உறவினர் ஒருவரின் மகள் பெரியபிள்ளையானதற்கு மார்க்கம் வீதி மண்டபம் ஒன்றில் சாமத்திய வீடு நடந்தது உனக்கு நினைவிருக்கலாம். நீ அப்போது கிங்ஸ்டனில் படித்துக்கொண்டிருந்தாய். பிள்ளையைப் பல்லக்கில் கொண்டுவரும் நேரத்தில், எல்லோரும் எழுந்து முன்னால் நெருங்கியபோது, பக்கத்தில் இருந்த உன் அம்மாவைக் காணவில்லை. சமையலறை வழியாக வெளியேறி, வாகனத் தரிப்பிடத்தில், கொட்டும் பனியில், மேலங்கியும் இல்லாமல் பட்டுச் சேலையோடு நின்றார். "மூச்சு வரேல்லை. செத்துப் போவன் எண்டு நினைச்சன்" என்றார். மருத்துவமனையில் இதயத்தைச் சோதித்தார்கள். பழுது எதுவும் இல்லை. நெருக்கத்தில் சிலருக்கு இப்படி வருவதுண்டு, இது வெட்கப்பட வேண்டியதன்று என்று நம் குடும்ப வைத்தியர் சொன்னார். உன் அம்மா வெட்கப்பட்டார். அன்றிலிருந்து கோயில் தேர், கலியாணம், பிறந்தநாள் எதற்கும் அவர் வரவில்லை. காய்ச்சல், முழங்கால், வெளியூர்ப் பயணம் என்று நான் காரணம் சொல்லி வந்தேன். அக்காவுக்குப் பெருமை பிடித்துவிட்டது, ரூஜில் பெரிய வீடு வாங்கியபின் பழைய ஆட்களைத் தெரிவதில்லை என்று சிலர் பேசிக்கொண்டது உன் காதிலும் விழுந்திருக்கும்.

இந்த நிலையில்தான் உனக்கும் துளசிக்கும் கலியாணம் நிச்சயமாயிற்று. நம் இரு வீட்டாரின் உறவையும் கூட்டினால் மண்டபம் எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும். தாலி கட்டியபின் ஒவ்வொரு குடும்பமாக மணவறைக்கு ஏறி அறுகரிசி போட்டு வாழ்த்தி இறங்கும்வரை, பெற்றவர்கள் பக்கத்தில் நிற்க வேண்டும். உன் அம்மா மகிழ்ந்தார். மகிழ்ந்த அன்றே அஞ்சத் தொடங்கினார். ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே, என்னைப் பாராமல் கேட்டார்.

"பிள்ளையின்ரை கலியாணத்திலை மண்டபத்தை விட்டு ஓடினா, சனம் என்ன சொல்லும்?"

"சனம் எதையும் சொல்லும். அதை விடும்."

"சனத்தை விட்டிட்டன். அவன் என்ன நினைப்பான்? அதைச் சொல்லுங்கோ."

நான் அவரை மீண்டும் வைத்தியரிடம் அழைத்துப் போனேன். வைத்தியர் மருந்தைவிடப் பழக்கத்தையே வலியுறுத்தினார். கூட்டமே இல்லாத இடத்தில் அடைந்திருந்தால் அச்சம் வளரும். கூட்டம் குறைவான, விரும்பியபோது விலகிப் போகக்கூடிய இடத்தில் தொடங்குங்கள், பிறகு சிறிது சிறிதாகக் கூட்டலாம் என்றார். சொந்த ஊரில், தெரிந்த முகங்களுக்கு நடுவே, உன் அம்மா அதற்கு இணங்கவில்லை. சரியாக அந்த வாரத்தில் நீ எங்கள் கலியாண நாளுக்குப் பரிசு கொண்டு வந்தாய்.

அந்த மாலையை நீ உன் பக்கத்திலிருந்து மட்டுமே அறிவாய். மேசையில் பயண முன்பதிவுத் தாளை விரித்து, "அமால்பி, அம்மா. எல்லாரும் போற இடம். ஜூலைக் கடைசி. ஹோட்டல் நடு டவுனிலை" என்றாய். உன் அம்மாவின் கை இடியப்பத் தட்டிலேயே நின்றுவிட்டது. "நல்லாயிருக்கு தம்பி" என்று சிரித்தார். நீ சொன்ன மூன்றும் சிறந்தவை என்று நீ நினைத்த அதே காரணத்தாலேயே அவருக்கு ஆகாதவை. பிறகு நான் உன்னை வாசலுக்கு அழைத்துப் போனேன்.

"மூண்டு விசயம் மட்டும் மாத்தோணும்" என்றேன். "இடம், மாசம், ஹோட்டல்."

"அப்ப மிச்சம் என்னப்பா இருக்கு? பிளேனோ?"

"ஓம். பிளேன் இருக்கட்டும்."

"சீரியஸா அப்பா? உங்களுக்கு ஒரு கிஃப்ட் தாறதுக்கும் அக்ரிமென்ட் எழுதோணுமோ? ஏனெண்டாவது சொல்லுங்கோ."

"சொல்லேலாது."

நீ தேநீர் குடிக்காமலே காரை எடுத்துக்கொண்டு போனாய். ஆனால் இரண்டு நாளில் முன்பதிவுகளை நீயே மாற்றி, "வேர் எவர் யூ வோன்ட்" என்று ஒரு வரி அனுப்பினாய். காரணம் தெரியாமலே நீ இணங்கியதற்கு நன்றி சொல்ல எனக்கு இதுவரை வழி இருக்கவில்லை. இப்போது சொல்கிறேன். நன்றி.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். கூட்டமில்லாத இடம் வேறு, கூட்டம் குறைந்த இடம் வேறு என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொள். ஆளே இல்லாத கரையில் கடையும் இல்லை, வைத்தியரும் இல்லை, விழுந்தால் தூக்குவாரும் இல்லை. எந்த ஊர் அழகானது என்று நான் தேடவில்லை. அந்த நாட்டின் கடற்கரையில் அழகில்லாத ஊரைக் காண்பதே கடினம். அந்த ஊருக்கு ஆட்கள் எதில் வருகிறார்கள், எப்போது திரும்பிப் போகிறார்கள் என்பதையே கேட்டேன். பெரிய சுற்றுலாக் கப்பல் நிற்கும் ஊரை விலக்கினேன். பெருநகரத்திலிருந்து காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பக்கூடிய ஊரை விலக்கினேன். பேருந்து நிறுத்திப் படம் எடுக்கும் மேடை உள்ள ஊரையும் விலக்கினேன். மேற்குக் கரையின் புகழ்பெற்ற ஊர்கள் பெரும்பாலும் இம்மூன்றில் ஒன்றிலேனும் அகப்பட்டன. கிழக்குக் கரையின் வடபகுதியில் மணல் நீண்டு கிடக்கிறது. ஆனால் அங்கே வரிசை வரிசையாகக் குடை. அந்நாட்டவரே அங்கே கூடுகிறார்கள். அப்ருஸ்ஸோ என்னும் மாகாணத்தில், பெஸ்காரா நகரத்துக்குத் தெற்கே, மணல் முடிந்து கல் தொடங்குகிறது. கூழாங்கல்லில் வெறுங்காலோடு நடக்க முடியாது. பிள்ளைகள் மணல் வீடு கட்ட முடியாது. ஆகவே ஆட்கள் குறைவு. கல்லுக் கரை என்பது அந்தக் கரைக்கு வாய்த்த வேலி என்று எனக்குத் தோன்றியது.

மாதத்தையும் அப்படியே தேர்ந்தேன். ஆகஸ்ட்டில் இத்தாலியர் எல்லோரும் கடலுக்குப் போகிறார்கள். அம்மாதத்தில் அமைதியான கரை என்று ஒன்று அங்கே இல்லை. செப்டெம்பர் நடுவில் பள்ளிகள் தொடங்கிவிடும், கடலிலோ சூடு மிச்சமிருக்கும். ஊர்களைப் பற்றிப் பயணிகள் எழுதியவற்றைப் படித்தபோது, புகழ்ச்சியை விட்டுவிட்டுக் குறைகளை மட்டும் படித்தேன். புகழ்கிறவர்கள் எல்லா ஊருக்கும் ஒரே சொற்களையே எழுதுகிறார்கள். குறை சொல்கிறவர்கள்தான் விவரமான சாட்சிகள். "மத்தியானத்தில் எல்லாக் கடைகளும் பூட்டிவிடுகிறார்கள்", "மாலையில் செய்வதற்கு ஒன்றுமில்லை, ஆட்கள் ஒரே தெருவில் மேலும் கீழும் நடக்கிறார்கள்" என்று ஓர் ஊரைப் பற்றி ஒருவர் கோபத்தோடு எழுதியிருந்தார். நான் அன்றே அந்த ஊரில் வீடு பிடித்தேன். பெயரை உனக்குத் தனியாக அனுப்புகிறேன். இது பலர் படிக்கக்கூடிய கடிதம். நம்மவர்களுக்கு ஓர் அமைதியான ஊரின் பெயர் தெரிந்தால் அது எவ்வளவு காலம் அமைதியாக இருக்கும் என்பதற்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

இது வீண் அச்சம் அன்று. புறப்படுமுன் நம் நகரத்தின் வோபர்ன் பகுதியிலிருந்து உன் ரஞ்சிச் சின்னம்மா தொலைபேசியில் வந்துவிட்டார். யார் சொன்னார்கள் என்று இன்றுவரை தெரியாது.

"இத்தாலிக்கோ அத்தான்? ஒரு சொல்லுச் சொல்லேல்லை! நாங்களும் வாறம். பலேர்மோவிலை என்ரை மனுசன்ரை ஒண்டுவிட்ட தம்பி இருக்கிறார், ஹோட்டல் என்னத்துக்கு? ஒரு வான் எடுப்பம். ரைஸ் குக்கர் நான் கொண்டு வாறன்."

"ரஞ்சி, நாங்கள் போற இடம் பலேர்மோ இல்லை."

"அப்ப அங்கை எங்கடை ஆக்கள் ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை. கல்லுக் கடற்கரை. மத்தியானம் கடையெல்லாம் பூட்டு. ஷொப்பிங் மோலும் இல்லை."

"அப்ப ஏன் அத்தான் போறியள்?" என்று கவலையோடு கேட்டார். "அக்காவோடை ஏதும் கோவமோ?"

உண்மையை மட்டுமே சொல்லி ஒரு வான் நிறைந்த உறவினரைத் தடுத்தது என் தொழில் வாழ்வில் நான் பெற்ற எந்த வெற்றிக்கும் குறைந்ததன்று.

ரோமில் இறங்கி, மலைகளைக் கடக்கும் பேருந்தில் பெஸ்காராவுக்குப் போய், அங்கிருந்து சிறிய ரயிலில் போனோம். ஊர் ஒரு மேட்டில் இருந்தது. கீழே கடல். கடலுக்குள் மரத் தூண்களை நட்டு, அவற்றின்மேல் பலகைக் குடில் கட்டி, நீண்ட கழிகளில் வலையைத் தொங்கவிட்டிருந்தார்கள். தூரத்திலிருந்து பார்க்கச் சிலந்திகள் நீரில் நிற்பதுபோல் இருந்தது. பழைய ரயில் பாதையைக் கரையோரம் சைக்கிள் பாதையாக்கியிருந்தார்கள். வீட்டுக்காரி ஒரு வயதான விதவை. எங்களுக்கு அவர் மொழி தெரியாது, அவருக்கு நம் மொழி தெரியாது. முதல்நாள் உன் அம்மா தக்காளியும் கத்தரிக்காயும் வாங்கி, இங்கிருந்து கொண்டுபோன கறித்தூளைப் போட்டுக் குழம்பு வைத்தார். மணம் பிடித்து வீட்டுக்காரி மேலே வந்தார். ஒரு கரண்டி சுவைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டே இன்னொரு கரண்டி கேட்டார். இருவரும் அன்றிலிருந்து ஒருவருக்கொருவர் ஒன்றும் விளங்காமலே மணிக்கணக்காகக் கதைத்தார்கள்.

அந்தக் கோபக்காரர் எழுதியது முற்றிலும் உண்மை. மாலையானதும் ஊர் முழுவதும் அந்த ஒரே தெருவில் மேலும் கீழும் நடந்தது. முதல் மாலை உன் அம்மா மாடத்திலிருந்து பார்த்தார். மறுநாள் தெருமுனை வரை வந்தார். அதன்பின் ஒருநாள், நான் கேட்காமலே, தெருவின் மறுமுனை வரை நடந்து திரும்பினார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நடந்ததில் ஒரு கபே நாற்காலியில் மோதினேன்.

"என்னை என்னத்துக்குப் பாக்கிறியள்? பாதையைப் பாருங்கோ."

"எப்பிடி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. இஞ்சை ஆரும் மறிச்சு நிண்டு, அக்கா மெலிஞ்சிட்டியள், மகன்ரை கலியாணம் எப்ப எண்டு கேக்கேல்லை. அதாலையோ?"

"இருக்கலாம்."

"இருக்கலாம் எண்டு சொல்லாதேங்கோ. ஓமெண்டா ஓம், இல்லையெண்டா இல்லை."

"இரண்டுக்கும் ஆதாரம் போதாது" என்றேன். அவர் தெருவில் நின்று வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் கேட்டு நெடுநாளாகியிருந்தது.

புறப்பட மூன்று நாளிருக்கையில் தேவாலயத்து முற்றத்தில் ஆட்கள் கம்பங்களை நட்டு, வண்ண விளக்கு வளைவுகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரியிடம் கேட்டேன். அவர் மகிழ்ச்சியோடு என் கைத்தொலைபேசியை வாங்கி அதற்குள் நீளமாகப் பேசினார். தொலைபேசி அதைத் தமிழாக்கி, உணர்ச்சியே இல்லாத குரலில் சொன்னது: "நாளை புனிதர் வெளியே வருகிறார். உலகத்தில் உள்ள அனைவரும் வருவார்கள்."

கப்பலை ஆராய்ந்தேன், பேருந்தை ஆராய்ந்தேன், மாதத்தை ஆராய்ந்தேன், கல்லையும் மணலையும் ஆராய்ந்தேன். ஊர்ச் சாமியை ஆராயவில்லை. ஆண்டில் ஒருநாள், தேரன்று, வெளியே போன ஆட்களெல்லாம் ஊருக்குத் திரும்பி வருவார்கள் என்பதை நான் அறியாதவனா? ஆனால் அது நம்மவர்களுக்கு மட்டுமே உரிய வழக்கம் என்று, என்னை அறியாமலே, நம்பியிருந்திருக்கிறேன். உடனே ரயில் நேரம் பார்த்தேன்.

"காலமை பெஸ்காராவுக்குப் போவம். இரவு எல்லாம் முடிஞ்ச பிறகு வரலாம்" என்றேன்.

"நீங்கள் போங்கோ" என்றார் உன் அம்மா.

"நீர்?"

"நான் நிக்கப் போறன். ஒரு ஊருக்கு வந்து, சாமி வெளிக்கிடுற நாளிலை ஊரை விட்டு ஓடுறதோ? அது எந்த ஊர்ச் சாமியெண்டாலும் சரியில்லை."

"ஏலாமல் வந்தா?"

"ஏலாமல் வந்தா வீட்டுக்கு வாறன். வீடு பக்கத்திலைதானே. மண்டபம் எண்டா அப்பிடி வரேலுமோ? இஞ்சை ஒருக்காப் பாத்திட்டு வாறன்."

மறுநாள் காலையில் வெடி போட்டார்கள். போர்க்காலத்தில் வெடிச் சத்தத்தில் எழும்பி ஓடிப் பழகிய எங்கள் இருவருக்கும் அரைக் கணம் நாடு மறந்துவிட்டது. பிறகு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். பிற்பகலில் உன் அம்மா சேலை கட்டினார். "சாமி வரேக்கை காற்சட்டையோடை நிக்கிறதோ?" என்றார். தேவாலயத்தின் பக்கச் சுவரோரம், கடலுக்கு இறங்கும் படிக்கட்டுக்கு அருகில் இடம் பிடித்தேன். தொலைபேசி பொய் சொல்லவில்லை. அந்தச் சின்ன ஊருக்குள் அவ்வளவு பேர் எங்கிருந்து வந்தார்கள் என்று தெரியவில்லை. மேளதாளத்துக்குப் பதிலாகப் பித்தளை வாத்தியக் குழு. அதன் பின்னால், ஆண்கள் தோளில் சுமந்துவர, பூவும் பொன்னுமாகப் புனிதரின் சிலை. உன் அம்மாவின் கை என் கையை இறுக்கியது. முகம் வெளிறிப்போயிருந்தது. வாயால் மூச்சு விட்டார். எனக்கு அந்த முகம் தெரியும். வாகனத் தரிப்பிடத்தில் பார்த்த முகம்.

"போவமோ?" என்றேன்.

"பொறுங்கோ."

அப்போது சுமந்து வந்தவர்கள் படிக்கட்டில் இறங்குவதற்காகச் சிலையைத் திருப்பினார்கள். அதற்கு இடம் விடக் கூட்டம் முழுவதும் எங்கள் பக்கம் பின்வாங்கியது. யாரோ ஒரு பெரிய உடம்பு எங்களுக்கு நடுவே வந்தது. கை விடுபட்டது. கூட்டம் மீண்டும் அசைந்தபோது சுவரோரத்தில் நான் மட்டுமே நின்றேன்.

மகனே, நான் பதற்றப்படாதவன் என்று நீ பலரிடம் சொல்லியிருக்கிறாய். அன்று நீ பார்த்திருந்தால் அந்தச் சாட்சியத்தைத் திரும்பப் பெற்றிருப்பாய். வழக்கம்போல "இஞ்சேரும், இஞ்சேரும்" என்று கூவினேன். இத்தாலியர் பலர் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டுக்கு ஓடினேன், கதவு பூட்டியிருந்தது. திரும்பி ஓடிவந்து, கலியாணம் முடித்த நாளிலிருந்து பொது இடத்தில் செய்யாத ஒன்றைச் செய்தேன். "வதனி! வதனி!" என்று பெயர் சொல்லிக் கத்தினேன். எங்கேயோ ஒரு மூலையில் மூச்சுத் திணறிக் கிடக்கிறார், நான்தான் கொண்டுவந்து விட்டேன், உனக்கு என்ன சொல்வேன் என்பதைத் தவிர வேறு எண்ணம் இல்லை. வேறு வழி தெரியாமல் கூட்டத்தோடு படிக்கட்டில் இறங்கினேன்.

கீழே, கல்லுக் கரையில், சிலையைப் படகில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அதன் பக்கத்தில் ஊர்ப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். அந்த வரிசையில் ஒரு சேலை. உன் அம்மா, வீட்டுக்காரியின் பக்கத்தில், இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றார்.

"எங்கை போனியள்?" என்று அவர்தான் என்னைக் கேட்டார். "உங்களைக் காணேல்லை எண்டு நான் பயந்து போனன். ஏன் இப்பிடி வேர்த்திருக்கு?"

"உமக்கு... மூச்சு?"

"மேலை நிக்கேக்கை முட்டினதுதான். அங்காலை தள்ளிக்கொண்டு போச்சினம், நானும் நடந்தன். நடக்க நடக்க விட்டுப் போச்சு. நிண்டாத்தான் முட்டுதப்பா. நடந்தா ஒண்டுமில்லை." சிறிது யோசித்துவிட்டு மீண்டும் சொன்னார்: "அந்தத் தெருவிலையும் நடந்துதானே திரிஞ்சனான். இவ்வளவு காலமும் எல்லா இடத்திலையும் ஒரு மூலையிலை போய் நிண்டிருக்கிறன். அதுதான் பிழை."

இது எல்லோருக்கும் பொருந்தும் மருந்து என்று நான் சொல்லவில்லை. உன் அம்மாவுக்குப் பொருந்தியது. நான் அத்தனை நுட்பமாக ஆராய்ந்து கூட்டத்தைத் தவிர்த்தேன். அவரைத் தேற்றியது நான் ஆராயத் தவறிய ஒரே கூட்டம். ஆனால் என் ஆராய்ச்சி வீண் என்றும் நான் ஏற்கமாட்டேன். அமைதியான அந்த நாட்கள் இல்லாமல், "நான் நிக்கப் போறன்" என்று சொல்லும் துணிவு அவருக்கு வந்திராது. அந்த இடத்தில்தான் உன் அம்மா ஓரத்தில் "சரி" என்று எழுதியிருக்கிறார்.

திரும்பி வந்தபின் என்ன நடந்தது என்பதில் சிலவற்றை நீயே பார்த்திருக்கிறாய், காரணம் தெரியாமல். வார இறுதிகளில், மக்கள் நெருங்கும் நேரமாகப் பார்த்து, மோலுக்குப் போய் நடந்தார். தைமாதத்தில், நண்பர் ஒருவரின் மகளுடைய வரவேற்பு விருந்துக்கு, நாம் போகிறோம் என்று அவராகவே சொன்னார். மண்டபத்துக்குள் நுழைந்ததும் அவர் உட்காரவில்லை. மேசை மேசையாகப் போய், சுகம் கேட்டு, குழந்தைகளைத் தூக்கி, அடுத்த மேசைக்கு நடந்தார். இரண்டு தடவை வாசலுக்குப் போய்க் காற்று வாங்கினார். இரண்டு தடவையும் திரும்பி வந்தார். கேக் வெட்டும்வரை இருந்தோம். பெருமை பிடித்தவர் என்று முன்பு சொன்ன அதே ஆள் என்னைத் தனியாக அழைத்து, "அண்ணை, அக்கா எலெக்‌ஷன் கேக்கப் போறாவோ?" என்றார்.

ஆகவே, உன்னிடம் நான் வைக்கும் வேண்டுகோள் ஒன்று. தாலி கட்டும்போது உன் அம்மா உன் பின்னால் நிற்பார். அதை அவர் தாமே சொன்னார். அறுகரிசி தொடங்கியதும் அவரை மணவறையில் நிறுத்தாதே. புகைப்படக்காரர்கள் "அம்மா இதிலை நில்லுங்கோ" என்று பிடித்து வைக்காதபடி முன்கூட்டியே சொல்லிவிடு. அவர் சபைக்குள் நடந்து திரிந்து, வந்தவர்களை வரவேற்பார். பார்க்கிறவர்களுக்கு அது மாப்பிள்ளையின் தாய் செய்யும் உபசாரமாகவே தோன்றும். துளசிக்கும் இதைச் சொல்லலாம். அதற்கும் அனுமதி பெற்றுவிட்டேன்.

உங்கள் பயணத்தைப் பொறுத்தவரை, கரையைத் தேர்வதற்கு முன் துளசியிடம் அவருக்கு எது பிடிக்கும் என்று மட்டும் கேளாதே. எதைத் தாங்க முடியாது என்றும் கேள். பிடித்ததை எல்லோரும் சொல்லிவிடுவார்கள். தாங்க முடியாததைச் சொல்வதற்கு ஆண்டுகள் எடுக்கலாம். நீயும் உன்னுடையதைச் சொல். இருவர் சொன்னதற்கும் பொருந்துகிற ஊர் எதுவோ அதுவே நல்ல ஊர், வழிகாட்டிகள் எதை எழுதினாலும். செப்டெம்பரில் போங்கள். கல்லில் நடக்க ரப்பர் செருப்பு கொண்டு போங்கள். அந்த ஊர்ச் சாமி எந்த நாளில் வெளியே வருகிறார் என்பதை மறவாமல் விசாரியுங்கள். விசாரித்தபின், அந்த நாளை விட்டு ஓடுவதா, அந்த நாளில் போய் இறங்குவதா என்பதை நீங்கள் இருவரும் முடிவு செய்யுங்கள்.

இன்னும் விரிவாக எழுத எண்ணியிருந்தேன், இயலாது போலிருக்கிறது. வழக்கப்படி கலியாண அழைப்பை வீடு வீடாகப் போய்க் கையில் கொடுக்க வேண்டும். அந்த வேலையைத் தபாலில் முடித்துவிடலாம் என்று நான் முன்பே ஒரு யோசனை வைத்திருந்தேன், அது நிராகரிக்கப்பட்டது. நேற்று வோபர்ன் முழுவதும் சுற்றினோம். எந்த வீட்டிலும் உன் அம்மா சீக்கிரம் எழும்பவில்லை. இன்று மோர்னிங்சைட். இப்போது காரில் ஏறி உட்கார்ந்து ஹோர்ன் அடித்துக்கொண்டிருக்கிறார். சற்றுமுன் உள்ளே வந்து, வாசலில் நின்றபடியே சொன்னார்:

"இஞ்சேருங்கோ, நேற்று யோசிச்சுப் பாத்தன். இவ்வளவு காலம் ஒருத்தற்றை வீட்டுக்கும் போகாமல் இருந்திட்டு, இப்ப ஆக்களை விட்டா நல்லாயிருக்காது. இன்னும் ஒரு அம்பது குடும்பத்துக்குச் சொல்லோணும்."

"மண்டபம் காணாது" என்றேன்.

"அப்ப பெரிய மண்டபமாப் பாருங்கோ."

ஆகவே, மகனே, உன் கலியாணத்துக்கு நாம் கணக்கிட்டதைவிடக் கூட்டம் அதிகமாக இருக்கும். பெரிய மண்டபம் ஏதும் உன் கண்ணில் பட்டால் உடனே சொல்.

உன் அப்பா